வயது ஏறியும் பைக் ஓட்ட: உட்காரும் விதத்தைச் சரிசெய்வது எப்படி?

நாற்பது, ஐம்பது தாண்டியதும் மணிக்கட்டும் இடுப்பும் முழங்காலும் முரண்டு பிடிக்கத் தொடங்கும். அதற்காகப் பைக்கையே மாற்ற வேண்டியதில்லை. சீட், ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட் மூன்றையும் கொஞ்சம் திருத்திப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இல்லாவிட்டால் எது பலன் தந்தது என்றே தெரியாது.

1. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி உட்காருங்கள். கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, கைகளை இயல்பாக முன்னே நீட்டுங்கள். அவை நிற்கும் இடத்துக்கும் கிரிப்புக்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் குறைக்க வேண்டியது.

2. சீட்டைப் பாருங்கள். அது முன்பக்கம் சரிந்திருந்தால் உடம்பு டேங்கை நோக்கி வழுக்கும், பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். மெத்தென்ற ஃபோமை நம்பாதீர்கள். நீண்ட பயணத்தில் அமுங்கிவிடும். கெட்டியான, அகலமான சீட்டுக்குத்தான் என் ஓட்டு.

3. இனி ஹேண்டில்பார், அப்புறம் லீவர். இந்த வரிசை முக்கியம். பாரைத் திருப்பினால் லீவரும் கூடவே திரும்பிவிடும், செய்த வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும். பாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, பாரை உங்கள் பக்கம் சிறிதளவு சாய்த்து இறுக்குங்கள். பிறகு ஓட்டும் நிலையில் உட்கார்ந்து விரல்களை லீவர்மேல் நீட்டுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரே கோடாக வர வேண்டும். லீவர் தூக்கலாக இருந்தால் கிளட்ச் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டு மடங்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கை ஓரமாகப் போகும் அல்நார் நரம்பு அழுந்துகிறதா என்று பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டின் நடுவே போகும் மீடியன் நரம்பைச் சந்தேகிக்கலாம். கைப்பிடி மாற்றியும் மரத்தல் போகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். போல்ட் இறுக்க, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரென்ச் வாங்குங்கள், கைக்கணக்கு வேண்டாம்.

4. முழங்கால் ரொம்ப மடங்கினால் ஃபுட்ரெஸ்ட்டை இறக்கலாம். ஆனால் வளைவில் சாயும்போது அது சீக்கிரமே தரையைத் தொடும். கியர் லீவரையும் பிரேக் பெடலையும் அதற்கேற்ப மாற்ற மறக்காதீர்கள்.

பின்சேர்க்கை: ரைசர் (ஹேண்டில்பாரை உயர்த்த அடியில் வைக்கும் துண்டு) போட்ட பிறகு, ஹேண்டிலைத் திருப்பினால் இன்ஜின் வேகம் தானாகக் கூடுகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பார் உயர்ந்ததால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. அப்படியே ஓட்டாதீர்கள். இன்ஜினை ஐடிலில் விட்டு, ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கேபிளோ பிரேக் ஹோஸோ விறைத்தால், உயரம் குறைந்த ரைசர் போடுங்கள் அல்லது நீளமானவற்றை வாங்கி மாட்டுங்கள்.