சட்டம் கற்பித்துக்கொண்டே மனித உரிமைப் பணி: எங்கே தவறுகிறோம்?

முதல் தவறு வேலையில் சேரும்போதே நடந்துவிடுகிறது. சட்டக் கல்லூரியில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்த பிறகும் கறுப்பு அங்கியோடு நீதிமன்றத்தில் ஆஜராகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. வழக்கறிஞர் தொழிலை நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி அதைத் தடுக்கிறது. வழக்காடுவதைக் கைவிட மனமில்லையா? 1979-ஆம் ஆண்டு விதிகளின்படி, தொழில் செய்யும் வழக்கறிஞர் நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம். எது வேண்டும் என்பதைப் பணி ஆணை வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். அப்புறம், களப்பணி அனுபவம் இருக்கிறதே என்று கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வையோ முனைவர் பட்டத்தையோ தள்ளிப்போடாதீர்கள்.

ஆஜராக முடியாது, அதனால் வகுப்போடு நிறுத்திக்கொள்வோம் என்று ஒதுங்குவதைத்தான் பெரிய தவறு என்பேன். காவல் நிலையத்தில் மதுரா என்ற பழங்குடிச் சிறுமிக்கு நடந்த பாலியல் வன்முறை வழக்கில், உச்ச நீதிமன்றம் 1978-ல் காவலர்களை விடுதலை செய்தது. மறு ஆண்டு தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதிக் கேள்வி கேட்டவர்கள் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்ட ஆசிரியர்கள். அதையொட்டி நாடெங்கும் பெண்கள் போராடினார்கள். 1983-ல் பாலியல் வன்முறை பற்றிய சட்டமே திருத்தப்பட்டது. ஆக்ராவில் பெண்களை வைத்திருந்த அரசுப் பாதுகாப்பு இல்லத்தின் அவலத்தைப் பற்றி பக்ஷியும் சர்க்காரும் 1981-ல் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் ரிட் மனுவாகவே, அதாவது உரிமை மீறலுக்கு நேரடியாக நிவாரணம் கேட்கும் வழக்காகவே எடுத்துக்கொண்டது. பேராசிரியரின் பேனாவுக்கு இவ்வளவு வலு உண்டு.

உரிமை மீறல் நடந்த இடத்துக்கே போய் விசாரிக்கும் உண்மை அறியும் குழுவில் மாணவர்களை அழைத்துப் போகும்போது கவனம் வேண்டும். அடிபட்ட மகனைப் பற்றி ஒரு தாயிடம் ஆளுக்கொரு தடவை கேட்டு, அவரைத் திரும்பத் திரும்ப அழவைப்பது கொடுமை. ஒருவர் கேட்கட்டும், ஒருவர் எழுதட்டும். மற்றவர்கள் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தருவது), மருத்துவமனையின் ஏ.ஆர். நகல் (காயங்களைக் குறிக்கும் விபத்துப் பதிவேடு), ரிமாண்ட் உத்தரவு (காவலில் வைக்க நீதித்துறை நடுவர் இடுவது) ஆகியவற்றைப் பார்த்து நேரங்களை ஒப்பிடட்டும். காயம் எப்போது பதிவானது, கைது எப்போது காட்டப்பட்டது என்ற இடைவெளியில்தான் பல வழக்குகளின் உண்மை இருக்கிறது.

குழுவின் அறிக்கையைச் செம்மைப்படுத்துகிறேன் என்று மாதக்கணக்கில் வைத்திருக்கவும் கூடாது. 1993-ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி, சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் மனித உரிமை ஆணையம் விசாரிக்காது. மாநில ஆணையத்தில் ஏற்கெனவே நிலுவையில் உள்ள புகாரை தேசிய ஆணையமும் எடுக்காது. எங்கே கொடுப்பது என்பதைப் பாதிக்கப்பட்ட குடும்பத்தோடு பேசி முடிவு செய்துவிட்டு, புகாரை முதலில் அனுப்புங்கள். ஆய்வுக் கட்டுரையை அப்புறம் எழுதலாம்.