கார் ஆடியோவை நீங்களே மேம்படுத்தலாம்: ஸ்பீக்கர் மாட்டுவதிலிருந்து டியூனிங் வரை

காரில் பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும் என்றதும் பலரும் முதலில் தேடுவது பேஸை (அடித்தொனியை) மட்டும் தரும் பெரிய சப்வூஃபரைத்தான். டிக்கியில் அதை வைத்து ஆம்ப் (சிக்னலைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயர்) கொடுத்ததும் கண்ணாடி அதிரும். ஆனால் பாடகரின் குரல் முன்பு எப்படிக் கேட்டதோ அப்படியேதான் இருக்கும். குரலும் வயலினும் கிட்டாரும் வருவது முன் கதவு ஸ்பீக்கரிலிருந்து. அதனால் செலவையும் உழைப்பையும் முன் கதவிலிருந்து தொடங்குங்கள். சுமாரான ஸ்பீக்கரை ஒழுங்காக மாட்டி டியூன் செய்தால், அவசர அவசரமாக மாட்டிய விலை உயர்ந்த ஸ்பீக்கரைவிட அது நன்றாகவே பாடும்.

இந்த விளக்கத்துக்கு ஒரு எளிய அமைப்பை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் ஒரு ஜோடி கம்போனென்ட் ஸ்பீக்கர், டிக்கியில் ஒரு சப்வூஃபர், இரண்டையும் ஓட்ட ஒரு நான்கு சேனல் ஆம்ப். இரண்டு சேனல் முன் ஸ்பீக்கருக்கு, மீதி இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒரே சேனலாகச் சேர்த்து, சப்வூஃபருக்கு. பின் கதவு ஸ்பீக்கர்கள் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்த வாட்ஸ் எண்ணை விட்டுவிடுங்கள். அது ஒரு நொடி தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு ஆர்எம்எஸ் என்று சிறிய எழுத்தில் இருக்கும். ஆம்ப், ஸ்பீக்கர் இரண்டுக்கும் அதைத்தான் ஒப்பிட வேண்டும். ஹெட் யூனிட்டில் (டாஷ்போர்டில் இருக்கும் கார் ஸ்டீரியோவில்) 50 வாட்ஸ் நான்கு சேனல் என்று போட்டிருந்தாலும், உண்மையில் ஒரு சேனலுக்கு 20 வாட்ஸ் ஆர்எம்எஸ் அளவில்தான் கிடைக்கும். தனி ஆம்ப் தேவைப்படுவது இதனால்தான்.

கம்போனென்ட் செட்டில் கீழ், நடுத் தொனிகளுக்கு வூஃபர், மேல் தொனிக்கு ட்வீட்டர், இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் ஆகியவை தனித்தனியாக வரும். ட்வீட்டரை மேலே கண்ணாடி மட்டத்தில் வைக்க முடிவதால், பாட்டு காலடியிலிருந்து வராமல் டாஷ்போர்டு மேலிருந்து வருவது போல இருக்கும். அளவு பார்க்கும்போது விட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள், ஆழமும் முக்கியம். ஜன்னல் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரும் இடத்திலிருந்து கண்ணாடி வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். காந்தத்தில் கண்ணாடி இடித்தால் மாட்டிய அன்றே கழற்ற வேண்டியதுதான்.

வயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் மலிவாகக் கிடைக்கும். அதே தடிமன் செம்பு வயரைவிட அது குறைந்த கரண்ட்டைத்தான் தாங்கும். முழுச் செம்பு வயரே வாங்குங்கள்.

காரோடு வந்த ஹெட் யூனிட்டையே வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆம்ப்புக்குச் சிக்னல் அனுப்பும் ஆர்சிஏ அவுட்புட் அதில் இல்லையென்றால், ஸ்பீக்கர் வயரையே சிக்னலாக எடுத்துக்கொள்ளும் ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப்பாகப் பாருங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வால்யூம் கூடக்கூட பேஸைக் குறைக்கும்படி அமைத்த ஹெட் யூனிட்கள் நிறைய உண்டு. உங்களுடையது அப்படியென்றால் அதைச் சரிசெய்யும் டிஎஸ்பி (டிஜிட்டல் முறையில் ஒலியைச் சீரமைக்கும்) கருவியும் வேண்டியிருக்கும்.

முதல் வேலை: பேட்டரி

கண்ணாடியை வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். உடனே வேலையைத் தொடங்க வேண்டாம். ஏர்பேக் சுற்றில் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கார் கையேட்டில் இருக்கும், அதன்படி செய்யுங்கள். மஞ்சள் நிறக் கப்ளர் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக்குடையது. அதைத் தொடவே கூடாது, மீட்டர் வைத்துச் சோதிக்கவும் கூடாது.

இரண்டாவது வேலை: கதவு

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை) பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் கைப்பிடிக் குழியிலும் சின்ன மூடிகளுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றிய பிறகு, பிளாஸ்டிக் நெம்புகோலைக் கீழ் விளிம்பில் விட்டு ஒவ்வொரு கிளிப்பாக விடுவியுங்கள். பேடை வெடுக்கென்று இழுக்காதீர்கள், ஜன்னல் சுவிட்சின் வயர் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் மழைநீர் கேபினுக்குள் வராமல் தடுப்பது. அதைக் கிழித்து எறிந்துவிட வேண்டாம்.

பழைய ஸ்பீக்கரை எடுத்ததும் அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டு, கதவின் வெளித் தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டங் என்று தகர டப்பா சத்தம் கேட்கும். ஸ்பீக்கர் பாடும்போதெல்லாம் அந்தத் தகடும் கூடச் சேர்ந்து அதிர்கிறது என்று அர்த்தம். தகட்டைத் தூசி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை ஒட்டி, ரோலரால் நன்றாக அழுத்துங்கள். ஷீட்டில் உள்ள மேடுபள்ளம் சமமாகும் வரை அழுத்தினால்தான் பிடிக்கும். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை, நடுப்பகுதியில் கால்வாசி மூடினாலே பெரும்பாலான அதிர்வு அடங்கிவிடும். இப்போது மறுபடி தட்டுங்கள். டொக் என்று முடிந்துவிட்டால் சரி.

அடுத்தது உள் தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகள். ஸ்பீக்கர் கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கம் காற்று அழுந்துகிறது, அதே நொடியில் பின்பக்கம் இழுபடுகிறது. இந்த இரண்டு அலைகளும் ஓட்டைகள் வழியாகச் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், முதலில் காணாமல் போவது பேஸ். தோல் கிழிந்த மத்தளம் மாதிரி, எவ்வளவு அடித்தாலும் சத்தத்தில் கனம் இருக்காது. அந்த ஓட்டைகளை மெல்லிய அலுமினியத் தகடு அல்லது தடித்த பிளாஸ்டிக் வைத்து, மேலே டேம்பிங் ஷீட் ஒட்டி மூடுங்கள். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். அடைத்தால் கதவு துருப்பிடிக்கும்.

ஸ்பீக்கரைத் தகட்டில் நேரடியாக ஸ்க்ரூ போடுவதைவிட, ஒரு கெட்டியான வளையத்தின் மேல் உட்கார வைப்பது நல்லது. எம்டிஎஃப் பலகை வளையம் என்றால் தண்ணீர் படாமல் பெயின்ட் அடித்துவிடுங்கள். வளையத்துக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் ஃபோம் டேப், ஸ்பீக்கரின் முன்விளிம்பிலும் ஒரு சுற்று ஃபோம். முன்விளிம்பு ஃபோம் டோர் பேடின் ஜாலியோடு ஒட்டி நின்றால்தான் சத்தம் பேடுக்குள் சிதறாமல் கேபினுக்கு வரும்.

மாட்டும் முன் ஒரு சோதனை. 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, அதன் பிளஸ்ஸை வூஃபரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே தள்ள வேண்டும். இரண்டு கதவு வரை வயர் இழுத்த பிறகு, ஆம்ப்பில் சொருகும் முன் அந்த முனையிலும் இதையே செய்யலாம். ஒரு பக்கம் மட்டும் தலைகீழாக இருந்தால் பேஸ் மாயமாகிவிடும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. ட்வீட்டரை இப்படிச் சோதிக்க வேண்டாம், அதற்குக் குறியைப் பார்த்து மாட்டினால் போதும்.

ட்வீட்டரை முன் தூணில் பொருத்துவதாக இருந்தால், அங்கே கர்ட்டன் ஏர்பேக் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடினால் வயரும் ட்வீட்டரும் அது விரியும் பாதையில் குறுக்கே வரக்கூடாது.

மூன்றாவது வேலை: வயரிங்

நமது ஆம்ப் முன் ஸ்பீக்கருக்கு 75 வாட்ஸ் இரண்டு, சப்வூஃபருக்கு 200 வாட்ஸ் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 350. கிளாஸ் டி ஆம்ப் சுமார் 80 சதவீதத் திறனில் ஓடும் என்றால் அது இழுப்பது ஏறக்குறைய 440 வாட்ஸ். இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட் என்று வகுத்தால் 32 ஆம்பியர் வரும். 40 ஆம்பியர் ஃப்யூஸ், 8 கேஜ் செம்பு வயர் போதும். பின்னால் பெரிய ஆம்ப் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே 4 கேஜ் இழுத்துவிடுங்கள் (கேஜ் எண் குறைந்தால் வயர் தடிமன் கூடும்), மறுபடி தரை விரிப்பைக் கழற்றும் வேலை மிச்சம்.

ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது காப்பாற்றுவது ஆம்ப்பை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது வயரைக் காப்பாற்றுகிறது. வழியில் எங்காவது வயர் உரசித் தகட்டில் பட்டால், ஃப்யூஸ் இல்லாத வயர் தீப்பிடித்துவிடும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடான ஃபயர்வாலைத் தாண்டும் இடத்தில், வயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம் (கிராம்மெட்) கட்டாயம்.

பவர் வயர் காரின் ஒரு பக்கமாகப் போனால், ஆர்சிஏ கேபிள் மறுபக்கமாகப் போகட்டும். இரண்டும் எங்காவது குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

எர்த் வயர்தான் பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம். ஆம்ப்புக்குப் பக்கத்தில், 45 சென்டிமீட்டருக்குள், காரின் தகட்டில் பெயின்ட்டை உப்புத்தாளால் பளபளவென்று சுரண்டி, பவர் வயரின் அதே தடிமனில் எர்த் கொடுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் கொடுக்காதீர்கள், அது உயிர் காக்கும் போல்ட். முறுக்கி முடித்ததும் மேலே பெயின்ட் தொட்டுவிட்டால் துருப்பிடிக்காது.

தனியாக வாங்கும் ஹெட் யூனிட்களில் மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் 12 வோல்ட், கறுப்பு எர்த், நீலத்தில் வெள்ளைக் கோடு ஆம்ப்பை ஆன் செய்யும் ரிமோட் வயர். ஸ்பீக்கர் வயர்களில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, கறுப்புக் கோடு போட்டது மைனஸ். காரின் பக்கம் உள்ள வயர் நிறங்கள் காருக்குக் கார் மாறும், அதை நிறம் பார்த்து நம்பாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

எல்லாம் மாட்டி, பேட்டரி நெகட்டிவையும் திரும்ப இணைத்த பிறகு, கடைசியாக ஃப்யூஸைப் போடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஸ்பீக்கரில் ஊய்ங் என்று ஏறி இறங்கும் சத்தம் வந்தால், ஆர்சிஏவை ஆம்ப்பிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு ஹெட் யூனிட் பக்கம் அல்லது கேபிள் பாதையில். நிற்கவில்லையென்றால் ஆம்ப்பின் எர்த்தை மறுபடி சுரண்டுங்கள்.

நான்காவது வேலை: கெயின்

கெயின் திருகு வால்யூம் திருகு இல்லை. ஹெட் யூனிட் அனுப்பும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துவதுதான் அதன் வேலை. அதை முழுக்கத் திருப்பி வைத்தால் ஆம்ப் அலையின் தலையை வெட்டிவிடும், சத்தம் கரகரக்கும், ட்வீட்டர் கருகும்.

மல்டிமீட்டர் இருந்தால் போதும். ஸ்பீக்கர் வயர்களை ஆம்ப்பிலிருந்து கழற்றுங்கள். ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், லவுட்னெஸ், ஆம்ப்பின் ஃபில்டர்கள் எல்லாவற்றையும் அணைத்து, கெயினை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். ஹெட் யூனிட் வால்யூமை முக்கால் பங்கில் வையுங்கள். முழு அளவில் பதிவான 1000 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் அவுட்புட்டில் ஏசி வோல்ட் பாருங்கள். மலிவு மீட்டர்கள் சில 400 ஹெர்ட்ஸ் வரைதான் சரியாகக் காட்டும், அப்படியென்றால் 300 ஹெர்ட்ஸ் டோன் எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வோல்ட் வரும் வரை கெயினை மெதுவாக ஏற்ற வேண்டும்? வாட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். 75 வாட்ஸ், 4 ஓம் என்றால் 300, அதன் வர்க்கமூலம் 17.3 வோல்ட். சப்வூஃபர் சேனலுக்கு 50 ஹெர்ட்ஸ் டோன் போடுங்கள். 200 வாட்ஸ், 4 ஓம் என்றால் 28.3 வோல்ட். அந்த எண்ணுக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்திவிடுவது நல்லது. பிறகு ஹெட் யூனிட் வால்யூமை அந்த முக்கால் பங்கைத் தாண்டி ஏற்றாதீர்கள்.

ஐந்தாவது வேலை: டியூனிங்

ஸ்பீக்கர்களைத் திரும்ப மாட்டிவிட்டு ஃபில்டர்களை ஆன் செய்யுங்கள். முன் ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் (அதற்கு மேல் உள்ள ஒலியை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ், சப்வூஃபருக்கு லோ பாஸ் (அதற்குக் கீழ் உள்ளதை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ். இதுதான் நல்ல தொடக்கம். சப்வூஃபரை 120க்கு ஏற்றினால் பேஸ் டிக்கியிலிருந்து வருவது காதுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம் சப்வூஃபரின் ஃபேஸ் சுவிட்ச், அதாவது அதன் அலையைத் தலைகீழாக மாற்றும் சுவிட்ச். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, பேஸ் கிட்டார் தெளிவாக இருக்கும் பாட்டைப் போட்டு, வேறொருவரை 0, 180 என்று மாற்றச் சொல்லுங்கள். எதில் பேஸ் கனமாகவும் முன்னால் நிற்பது போலவும் கேட்கிறதோ அதை விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியையும் தனித்தனியாகத் தாமதப்படுத்தும் டைம் அலைன்மென்ட் வசதி இருந்தால் அதுதான் எனக்கு மிகப் பிடித்த கட்டம். காரில் ஒரு ஸ்பீக்கர் அருகிலும் மற்றொன்று தள்ளியும் இருப்பதால், அருகில் உள்ளதன் சத்தம் முதலில் காதுக்கு வந்து பாட்டு முழுவதையும் அந்தப் பக்கம் இழுத்துவிடும். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். தலை இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டேப் வைத்து அளங்கள். அருகில் உள்ளது 80, எதிர்க்கதவு 130, சப்வூஃபர் 200 சென்டிமீட்டர் என்று வந்தால், சப்வூஃபருக்குத் தாமதம் 0. எதிர்க்கதவுக்கு 70 சென்டிமீட்டர் வித்தியாசம், அதாவது 2 மில்லிசெகண்ட். அருகில் உள்ளதற்கு 120, அதாவது 3.5 மில்லிசெகண்ட். எண்களைப் போட்டு முடித்ததும் ஒரே ஒரு குரல் மட்டும் ஒலிக்கும் பதிவைக் கேளுங்கள். கதவோரம் ஒதுங்கியிருந்த குரல் டாஷ்போர்டின் நடுவுக்கு நகர்ந்து வந்து நிற்கும். கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கத்தின் தாமதத்தை 0.1 மில்லிசெகண்ட் அளவில் கூட்டிக் கேளுங்கள்.

ஈக்வலைசரைக் கடைசியில் தொடுங்கள். பிங்க் நாய்ஸ் (எல்லாத் தொனியும் கலந்த இரைச்சல் பதிவு) ஓடவிட்டு, போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் செயலியைத் திறந்து, தலை இருக்கும் இடத்தில் மெதுவாக அசைத்துப் பாருங்கள். எங்கே மேடு தெரிகிறதோ அதை இறக்குங்கள். பள்ளத்தை ஏற்றி நிரப்ப முயற்சிக்க வேண்டாம். 3 டெசிபல் ஏற்றினாலே ஆம்ப் இரண்டு மடங்கு பவர் தர வேண்டும், அலைகள் அழித்துக்கொண்டதால் வந்த பள்ளம் அப்படியும் நிரம்பாது. குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போலிருந்தால் 200 ஹெர்ட்ஸ் பக்கம் 2, 3 டெசிபல் குறையுங்கள். காதைக் குத்தினால் 2000 முதல் 4000 வரை பாருங்கள். போன் மைக் மிகக் கீழ் பேஸைச் சரியாகக் காட்டாது, சப்வூஃபரின் அளவைக் காதால் முடிவு செய்யுங்கள்.

செட்டிங்கைச் சேமித்து, எண்களை ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றினால் சில ஹெட் யூனிட்கள் எல்லாவற்றையும் மறந்துவிடும். அரை மணி நேரம் சத்தமாகப் பாட்டு கேட்ட பிறகு ஃப்யூஸ் ஹோல்டரையும் எர்த் போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள். சுட்டால் இணைப்பு தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம், நெகட்டிவைக் கழற்றிவிட்டு மறுபடி முறுக்குங்கள். இரண்டு வாரம் ஓட்டிய பிறகு டோர் பேட் கிளிப், ஸ்பீக்கர் ஸ்க்ரூ இரண்டையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.