ராமநாதபுரத்திலிருந்து பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு

நம் மாவட்டத்தில் பி.எஸ்சி., பி.இ. முடித்துவிட்டு அரசுத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிற எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியாது. கண்டுபிடித்தவர் சார்பில் காப்புரிமை (பேட்டன்ட்) விண்ணப்பத்தை எழுதி, காப்புரிமை அலுவலகத்தில் நடத்திக்கொடுக்கிறவர்தான் பேட்டன்ட் ஏஜென்ட். 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 126ஆவது பிரிவு கேட்பது இவ்வளவுதான்: இந்தியக் குடியுரிமை, 21 வயது நிறைவு, அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் ஒரு பட்டம். வக்கீல் படிப்பு தேவையில்லை. பி.காம்., பி.ஏ. மட்டும் வைத்திருந்தால் வழியில்லை.

முதலில் தேதி. வருடா வருடம் ஒரே மாதத்தில் வரும் என்று நம்பி உட்கார வேண்டாம், 2018இல் நடந்த தேர்வுக்குப் பிறகு அடுத்தது 2023இல்தான் வந்தது. அதனால் அறிவிப்பு வரட்டும், அப்புறம் படிக்கலாம் என்பவர்களுக்குச் சட்டத்தை ஒருமுறை முழுசாகப் படிக்கக்கூட நேரம் இருக்காது. இப்போதே தொடங்குங்கள், வாரம் ஒருமுறை காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் அறிவிப்புப் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள். கடலுக்குப் போகிற குடும்பம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விடியற்காலை வேலை குறையும், அந்த 61 நாளைச் சட்டத்துக்கு ஒதுக்கலாம்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். பிரவுசிங் சென்டரில் போடுவதில் தப்பில்லை, ஆனால் மெயில் ஐடியும் போன் நம்பரும் உங்களுடையதாக இருக்க வேண்டும், கடைக்காரர் அவருடையதைப் போட்டுவிட்டால் பிறகு வருகிற தகவலெல்லாம் அவருக்குத்தான் போகும். இன்னொன்று இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் அப்பா பெயர் விரிவாக, பட்டத்தில் வேறு மாதிரி என்று நம் ஊரில் பாதி வீட்டுக் கதை இதுதான், அதை இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

விதிகளில் மிக முக்கியமானது மதிப்பெண் கணக்கு. முதல் தாள் சட்டமும் விதிகளும், 100 மதிப்பெண். இரண்டாம் தாள் காப்புரிமை விவரக்குறிப்பு, அதாவது கண்டுபிடிப்பை விளக்கி உரிமை கேட்கும் ஆவணம், அதை எழுதுவதும் புரிந்துகொள்வதும், அதற்கும் 100. நேர்முகம் 50. எழுத்துத் தாள் ஒவ்வொன்றிலும் குறைந்தது 50 சதவீதம் வேண்டும், அதோடு மொத்தத்தில் 60 சதவீதம், அதாவது 250க்கு 150 வேண்டும். இரண்டு தாளிலும் சரியாக 50, 50 எடுத்தவர் நேர்முகத்தில் 50க்கு 50 வாங்கினால்தான் பாஸ், அது நடக்கிற காரியமா? ஒவ்வொரு தாளிலும் 65க்குக் குறையாமல் குறி வையுங்கள்.

முதல் தாளுக்குப் பழைய புத்தகம் ஆபத்து. 2024 மார்ச்சில் விதிகள் மாறின. கண்டுபிடிப்பைப் பரிசோதிக்கும்படி காப்புரிமை அலுவலகத்திடம் விண்ணப்பிக்க 48 மாதம் என்று இருந்தது இப்போது 31 மாதம், காப்புரிமை நடைமுறையில் பயன்படுகிறதா என்று தெரிவிக்கும் 27ஆம் படிவம் வருடாவருடம் என்பது மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை ஆனது. சீனியர் கொடுத்த நோட்ஸை அப்படியே மனப்பாடம் செய்தால் இந்த இடங்களில்தான் மதிப்பெண் போகும்.

இரண்டாம் தாளில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள், ஏனென்றால் அதைப் படித்துத் தேற முடியாது, எழுதி எழுதித்தான் கை வரும். பயிற்சிக்கு நம் கரையிலேயே பொருள் இருக்கிறது. மண்டபம் பக்கம் பெப்சி பாசி என்று சொல்கிறோமே, அந்தக் கப்பாஃபைகஸ் என்கிற கடற்பாசியைப் புதிதாக இருக்கும்போதே பிழிந்து, சாற்றைத் திரவ உரமாகவும் சக்கையைக் கராஜீனன் என்கிற கெட்டிப்படுத்தும் பொருள் எடுக்கவும் பயன்படுத்துகிற முறைக்கு, மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2005இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள். கூகுள் பேட்டன்ட்ஸில் அதை எடுத்து, கடைசியில் உள்ள கிளெய்ம் பகுதியை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்கிற பகுதியை, மறைத்துவிட்டு விளக்கத்தை மட்டும் படியுங்கள். முதல் கிளெய்மை நீங்களே எழுதுங்கள், அப்புறம் மறைத்ததைத் திறந்து ஒப்பிடுங்கள். தேவையில்லாத எந்தச் சொல்லைச் சேர்த்து உரிமையைக் குறுக்கிவிட்டீர்கள், எந்தப் படியை விட்டுவிட்டீர்கள் என்பது உடனே தெரியும். கூடவே எதற்கெல்லாம் காப்புரிமை கிடையாது என்று சொல்கிற 3ஆவது பிரிவையும் பொருத்திப் பாருங்கள்: இயற்கையில் கிடக்கிற பாசியைக் கண்டுபிடித்தேன் என்று உரிமை கேட்க முடியாது, அதிலிருந்து பொருள் எடுக்கும் புதிய முறைக்குக் கேட்கலாம். வாரம் ஒரு பேட்டன்டாவது இப்படிச் செய்யுங்கள்.

தேர்வு மையமாகச் சென்னை கிடைத்தால் அதை எடுங்கள், ராமேசுவரத்திலிருந்து இரவு ரயில் இருக்கிறது. ஆனால் தேர்வன்று காலை போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கை வந்தால் பாம்பன் வழியாக வருகிற ரயில் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒருநாள் முன்பே போய் மையத்தை நேரில் பார்த்துவிடுங்கள். எதை உள்ளே கொண்டுபோகலாம், எது கூடாது என்பது ஹால் டிக்கெட்டில் இருக்கும், அதில் இல்லாத பொருளைப் பையிலேயே வைக்காதீர்கள்.

நேர்முகத்தில் பிரிவு எண்ணை மட்டும் ஒப்பித்தால் போதாது, ஊர் உதாரணத்தோடு பேசப் பழகுங்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குக் கிடைத்தது புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயரோடு சேர்ந்த பொருளுக்கான அடையாளம், அது வேறு சட்டம், பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். காப்புரிமை 20 வருடத்தோடு முடிந்துவிடும். இந்த வித்தியாசத்தை இரண்டு நிமிடத்தில் தடுமாறாமல் விளக்கும் வரை வீட்டில் யாரையாவது கேள்வி கேட்கச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.