தேதி தள்ளிப்போகுதா? கல்லூரிப் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

ஒவ்வொரு வருசமும் விடுதிக்குப் புதுப் பிள்ளைகள் வந்த கொஞ்ச நாளில் எங்கள் மருத்துவ அறைக் கதவு தட்டப்படும். "சிஸ்டர், டேட் தள்ளிப்போகுது." மாதவிடாய்த் தேதியைத்தான் சொல்கிறார்கள். பாளையங்கோட்டையில் நாங்கள் விடுதியில் இருந்து படித்தபோது செய்த அதே கூத்துகள்தான். நாப்கினை நேரத்துக்கு மாற்றுவது உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

தப்பாக எண்ணுவது

போன மாசம் 5, இந்த மாசம் 2, உடனே பயம். ரத்தம் பட்ட முதல் நாளிலிருந்து அடுத்த முறை பட்ட முதல் நாள் வரை எண்ணுங்கள். 21 முதல் 35 நாளுக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. மெஸ் சாப்பாடு பிடிக்காத பட்டினி, பரீட்சைக்கு ராமுழிப்பு இருந்தால் ஏதாவது ஒரு மாசம் சில நாள் முன்பின் ஆகத்தான் செய்யும்.

கொடைக்கு மாத்திரை போடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், சித்திரையில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. "வருசத்துக்கு ஒரு கொடைலா சிஸ்டர், பிள்ள தூரமாயிட்டா எப்படி?" என்று அம்மாவே மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிக் கொடுக்கிறார். தேதியைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரை, நோரெதிஸ்டிரோன், 5 மி.கி. வழக்கமாகத் தேதிக்கு 3 நாள் முன்பே தொடங்கி, தினம் 3 வேளை போடும் மருந்து. தேதியே நிலையில்லாத பிள்ளை எந்த நாளைக் கணக்கு வைப்பாள்?

ஒருத்தி கொடைக்குப் பந்தக்கால் நடும் கால்நாட்டு அன்றைக்குக் குத்துமதிப்பாகத் தொடங்கி, கொடைக்கு எட்டாம் நாள் நடக்கும் எட்டாங்கொடை முடியும்வரை நிறுத்தவில்லை. நிறுத்தியதும் கொட்டித் தீர்த்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாத்திரை அட்டை பர்சில், பஸ் பாஸுக்குப் பின்னால் இருந்தது. நிறுத்தினால் சில நாளில் ரத்தம் வரும். அதைச் சுழற்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவள் சேர்த்தாள். மாத்திரை போட்டதை ஸ்கேன் எடுத்த இடத்திலும் சொல்லவில்லை. 'பிசிஓடி', அதாவது சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வயசுக்கு வந்து 8 வருசம் ஆகாத பிள்ளைகளுக்குச் சினைப்பையில் சின்னச் சின்ன நீர்ப்பைகள் நிறையத் தெரிவது சாதாரணம். அந்த வயசில் ஸ்கேனை வைத்து முடிவு கட்டக் கூடாதென்று இந்தக் கோளாறுக்கான 2023 சர்வதேச வழிகாட்டியே சொல்கிறது. அந்த ஒரு சொல்லால் வீட்டில் வரன் பேச்சு வரைக்கும் தகராறு.

மாத்திரையே ஆகாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ரத்தக்கட்டு வந்தவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், கண்ணில் மின்னலடிக்கும் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் அதைத் தொடவே கூடாது. இதை டாக்டர் கேட்பார், மெடிக்கலில் கேட்க மாட்டார்கள்.

உளுந்தங்களி

கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுச் சாப்பிடுங்கள், தெம்பு. தேதியைக் கொண்டுவராது.

கூச்சம்

3 மாசம் வராவிட்டாலும், ரத்தம் 8 நாளுக்கு மேல் போனாலும் டாக்டரைப் பாருங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால் அன்றைக்கே. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசுப் பெரியாஸ்பத்திரி மகளிர் பிரிவில் கல்யாணமாகாத பிள்ளைகளையும் பார்ப்பார்கள். தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் சேர்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டென்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். வீட்டுக்குச் சொல்வது வேறு விஷயம்.

வலி

வகுப்புக்குப் போக முடியாத வலிக்கு, "கல்யாணமானா சரியாப்போயிரும்" என்பது மருந்தில்லை.