வெளுத்துப்போன ஏஞ்சல் மீன் முட்டைகள்

செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் நான் வளர்த்த இரண்டு ஏஞ்சல் மீன்களை, கடைக்காரரின் சொல்லை நம்பி, ஆணும் பெண்ணும் என்றே ஓராண்டுக் காலம் எண்ணியிருந்தேன். அவை வடிகட்டிக் குழாயைக் கொத்தித் துப்புரவு செய்து, முட்டையிட்டு, துடுப்புகளால் விசிறிக் காவலும் காத்தன. ஆயினும் மூன்று முறையும் முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடித்தன. பாவம், தண்ணீரைத்தான் குறை சொன்னேன், மருந்தும் ஊற்றினேன்.

கப்பி மீனில் இந்தக் குழப்பம் இல்லை: வளர்ந்த ஆணின் குதத்துடுப்பு குச்சிபோல் நீண்டிருக்கும், பெண்ணுடையது விசிறிபோல் விரிந்திருக்கும். ஏஞ்சல் மீனிலோ நெற்றி மேடும் உடல் பருமனும் நம்மை ஏமாற்றிவிடும். நான்காம் முறை முட்டையிடும் தருணத்தில் கைவிளக்குடன் தொட்டியின் முன் அமர்ந்து, வயிற்றடியில் நீட்டியிருந்த இனப்பெருக்கக் குழாயைக் கவனித்தேன். ஆணுக்கு அது மெலிந்து கூராகவும், பெண்ணுக்குத் தடித்து மழுங்கலாகவும் இருக்கும்; என் மீன்கள் இரண்டிலும் அது தடித்தே இருந்தது. ஆண் துணை இல்லாதபோது இரு பெண் மீன்கள் இணைசேர்ந்து முட்டையிடுவதுண்டு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

அவ்விரண்டையும் நண்பரிடம் கொடுத்துவிட்டு, 6 குஞ்சுகளை வாங்கி ஒன்றாக வளர்த்து, அவை தாமே இணை தேர்ந்துகொள்ளும்வரை பொறுத்திருந்தேன். அவற்றுள் ஓர் இணை இட்ட முட்டைகளில், மூன்றாம் நாள் சின்னஞ்சிறு வால்கள் துடித்தன.