வனஸ்பதி உறையும் திமிங்கிலக் கொழுப்பும்: வீட்டிலேயே ஒரு சோதனை

காரைக்குடி வெயிலில் வளரும் பிள்ளைக்கு, உறைநிலையை ஒட்டிய கடலில் திமிங்கிலம் எப்படி விறைத்துப்போகாமல் இருக்கிறது என்பதை வாயால் விளக்குவதைவிட, அதன் கையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் காட்டுவது எளிது.

ஒரு வாளி, நிறைய ஐஸ்கட்டி, கிழியாத பாலித்தீன் பைகள் நான்கு, அரை கிலோ வனஸ்பதி ஆகியவை போதும். நெய்யும் தேங்காயெண்ணெயும் நம் வெக்கையில் இளகி ஓடிவிடும். வனஸ்பதியே சித்திரை நண்பகலில் கூழாகிவிடும் என்பதால் விடியற்காலையில் தொடங்குங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் சிறிது சிந்தினாலும் அப்பத்தா வழுக்கி விழக்கூடும். ஆகவே கொல்லைப்புறமே ஏற்ற இடம்.

ஒரு பையில் வனஸ்பதியை இட்டு, அதற்குள் இன்னொரு பையை நுழைத்து, உள்பையின் வாயை வெளிப்பையின் மேல் மடித்து ஒட்டிவிட்டால், கை உள்ளே போகவும் கொழுப்பு நடுவில் நிற்கவும் ஓர் உறை கிடைக்கும். விரல் நுனிவரை ஒரே கனமாகப் பரவும்படி பிசைந்துவிடுங்கள். மெலிந்த இடத்தில்தான் குளிர் முதலில் குத்தும். மற்ற இரு பைகளையும் வெறுமனே ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள். இது இல்லாவிட்டால், குளிரைத் தடுத்தது பாலித்தீன்தான் என்று யாராவது வாதிடுவார்கள்.

இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில், பையின் வாய்க்குள் நீர் புகாதவாறு அமிழ்த்தி, நொடிகளை எண்ணுங்கள். வலித்தவுடன் பிள்ளை கையை எடுத்துவிட வேண்டும். தண்ணீரில் உப்புச் சேர்க்காதீர்கள். குளிர் பூச்சியத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

அடுத்ததாக, கைகளுக்குப் பதில் இரண்டு வெப்பமானிகளை வையுங்கள். கொழுப்பு உறைக்குள்ளும் குளிர் இறங்கும். ஆனால் மெதுவாக இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இந்த உறைக்குள் வெப்பத்தைக் கொண்டுவருவது கையின் இரத்தமே, வனஸ்பதியன்று. காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், கடல் விலங்குக்கு இந்தத் தடுப்பு இன்றியமையாதது. ஆர்க்டிக் கடலின் வில்தலைத் திமிங்கிலத்துக்குத் தோலுக்கடியில் தடுப்பாக நிற்கும் கொழுப்பு அரை மீட்டர் கனம்வரை இருக்கும்.

பனிக்கரடிக்கும் இப்படித்தானா என்று பிள்ளை கேட்கும். தரையில் அதைக் காப்பது பெரும்பாலும் காற்றைப் பிடித்துவைக்கும் உரோமம். கொழுப்பு அதற்கு முதன்மையாக உணவுச் சேமிப்பு. பேரரசப் பென்குயினின் ஆணும் அப்படித்தான்: ஏறத்தாழ நான்கு மாதம் இரையின்றி, சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்தே முட்டையை அடைகாக்கிறது.