டிஸ்டோபியா நாவலைச் சாவுக் காட்சியிலிருந்து படிப்பது எப்படி

மனிதரை அடக்கி ஆளும் ஒரு கொடிய உலகத்தைக் கற்பனை செய்கிற நாவல்தான் டிஸ்டோபியா நாவல். அதைக் கையில் எடுத்ததும் நம் கண் முதலில் போவது அந்த உலகத்தின் அரசாங்கத்தின் மேல்தான். யார் ஆள்கிறார்கள், எங்கிருந்து கண்காணிக்கிறார்கள், என்ன சட்டம், மீறினால் என்ன தண்டனை. முதல் வாசிப்பில் கதை அப்படித்தான் இழுத்துக்கொண்டு போகும், போகட்டும். ஆனால் அந்த உலகத்து மனிதர்களிடமிருந்து எதைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், யாராவது சாகிற பக்கத்துக்குப் போங்கள். அங்கே யார் அழுகிறார்கள் என்று பாருங்கள்.

இந்தப் பழக்கம் எனக்கு என் வேலையிலிருந்து வந்தது. நான் நர்ஸாக இருந்தவள். அதில் பெரும்பகுதி, இனிக் குணமாக வழியில்லாதவர்களின் வார்டில். உயிர் போனதும் கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் வெறுமனே அழுவதில்லை. "நேற்றுக்கூட ஜன்னலைத் திறக்கச் சொன்னாரே" என்று எதையாவது நினைவுபடுத்திக்கொள்வார்கள். அப்புறம் யாராவது ஒருவர், வார்டில் சத்தம் போடக் கூடாது என்று தெரிந்தும், வாய்விட்டுக் கதறுவார். உணர்வு, நினைவு, சுதந்திரம் என்று நாம் பிரித்துப் பிரித்துப் பேசுகிற மூன்றும் அந்தக் கட்டிலருகே ஒன்றாகவே இருக்கும். ஒருவருக்காகத் துக்கப்பட மூன்றுமே வேண்டும். அதனால்தான் மனிதரை மாற்றிச் செய்ய நினைக்கிற எந்தக் கற்பனை அரசும் துக்கத்தில் கை வைக்காமல் இருப்பதில்லை.

இரண்டாம் வாசிப்புக்கு ஒரு பென்சிலோடு உட்காருங்கள். சாவு, நிரந்தரப் பிரிவு, ஒருவர் காணாமல் போவது, இப்படி எந்தக் காட்சி வந்தாலும் ஓரத்தில் கோடு போடுங்கள். அந்தக் காட்சியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே யாருக்காவது வலிக்கிறதா? வலிப்பவருக்குப் போனவரைப் பற்றி என்ன ஞாபகம் இருக்கிறது? அவர் அழுதால் தடுக்கப்போவது யார்? விடைகளைச் சுருக்கமாக எழுதிவிட்டு, பக்கத்தைத் திருப்பி நான்காவதாக ஒன்றைக் கேளுங்கள்: அந்தத் துக்கத்துக்குப் பிறகு அவர் என்ன செய்கிறார்?

பழகிக்கொள்ள மிகப் பொருத்தமான காட்சி ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932) நாவலில், லிண்டா சாகிற இடம். சாகப்போகிறவர்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி. ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு டிவி. வாசனை மாறிக்கொண்டே இருக்கிறது, இசை நிற்பதே இல்லை. நோயாளிக்கு வலி கிடையாது, சோமா என்ற மயக்க மாத்திரை இருக்கிறது. நான் பார்த்த வார்டுகளோடு ஒப்பிட்டால் சொர்க்கம் என்று தோன்றும். அந்தக் கவர்ச்சியை உணராமல் தாண்டிப் போய்விடாதீர்கள். கெட்டது என்று முதலிலேயே முடிவு கட்டிக்கொண்டு படிப்பவருக்கு இந்த நாவல் பாதிதான் கிடைக்கும்.

லிண்டாவைப் பார்க்க மகன் ஜான் ஓடி வருகிறான். சாகிறவரைத் தேடி ஒருவர் பதறிக்கொண்டு வருவது அங்கிருக்கும் நர்ஸுக்குப் பழக்கமில்லாத விஷயம். லிண்டாவோ சோமா மயக்கத்தில் அவனைத் தன் பழைய காதலன் பெயரால் அழைக்கிறாள். ஜான் கோபத்தில் அவள் தோளைப் பிடித்து உலுக்குகிறான். அடையாளம் கண்டுகொள்கிற அந்த நொடியிலேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகிறாள். இதற்கிடையில் குழந்தைகள் கூட்டம் ஒன்று வார்டுக்குள் வருகிறது. சாவைக் கண்டு பயப்படாமல் இருக்க அந்த உலகத்தில் பதினெட்டு மாதத்திலிருந்தே பயிற்சி. சாகிறவர்களின் ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு காலை நேரம் விளையாட வேண்டும், நல்ல பொம்மைகளெல்லாம் அங்கேதான் இருக்கும். ஜான் மண்டியிட்டு அழுகிறபோது நர்ஸின் கவலையெல்லாம் அந்தப் பயிற்சி கெட்டுவிடுமே என்பதுதான். யாருக்கு சாக்லேட் எக்லேர் வேண்டும் என்று கேட்டுக் குழந்தைகளின் கவனத்தைத் திருப்புகிறாள்.

இப்போது கேள்விகளுக்கு வாருங்கள். வலிப்பது ஒருவனுக்கு மட்டும். சிறுவயதில் அம்மா மடியில் உட்கார்ந்து கேட்ட பாட்டும் கதையும் அவனுக்கு நினைவில் இருக்கின்றன. சுற்றியிருப்பவர்களுக்கு அம்மா என்று ஒருத்தி இருந்ததே இல்லை, அவர்கள் குடுவையில் உருவானவர்கள். அவனைத் தடுப்பது போலீஸ் இல்லை, இனிப்பைக் கையில் வைத்திருக்கிற ஒரு நர்ஸ். அடுத்த அத்தியாயத்தில் ஜான் ஆஸ்பத்திரி முன்கூடத்தில் ஊழியர்களுக்கு சோமா வினியோகம் நடப்பதைப் பார்க்கிறான். உங்களை விடுவிக்க வந்திருக்கிறேன் என்று கத்திக்கொண்டு மாத்திரைகளை ஜன்னல் வழியாக வெளியே கொட்டுகிறான். அம்மா செத்த கையோடு நடக்கிறது இது. அழ முடிந்தவன் ஒருவன்தான், அந்தக் கூட்டத்தில் முதலில் எதிர்த்து நின்றவனும் அவனே. இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த பிறகுதான், ஆளுகிறவர்கள் கண்ணீருக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று எனக்குப் பிடிபட்டது.

லோயிஸ் லோரியின் 'தி கிவர்' (1993) நாவலில் அடுத்த பயிற்சியைச் செய்து பாருங்கள்: உணர்வு, நினைவு, சுதந்திரம் மூன்றில் எது முதலில் போனது என்று தேடுவது. சிறுவர்களுக்காக எழுதப்பட்ட நாவல்தான், ஆனால் அதில் வரும் ஒரு காட்சியைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். ஜோனாஸின் அப்பா குழந்தைகளைப் பராமரிப்பவர், அன்பாகப் பேசுகிறவர். ஒரே மாதிரி இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் எடை குறைந்ததை 'விடுவிக்க' வேண்டும் என்பது விதி. அவர் அந்தக் குழந்தையின் நெற்றி நரம்பில் ஊசி போடுகிறார். உடல் அசைவற்றுப் போனதும் ஓர் அட்டைப் பெட்டியில் வைத்துக் குப்பைக் குழாயில் தள்ளிவிட்டுக் கையசைத்து விடை சொல்கிறார். இதைப் பதிவில் பார்க்கிறான் மகன்.

அந்த அப்பா கொடூரமானவரா? இதற்கு விடை சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள். அவருக்கு வேறெதுவும் தெரியாது என்கிறார் ஜோனாஸின் ஆசான். போர், பசி, இழப்பு, நிறம், பனி என்று எல்லாருடைய பழைய நினைவுகளையும் ஒரே ஒரு மனிதரிடம் ஒப்படைத்துவிட்ட ஊர் அது. அந்த மனிதர்தான் இந்த ஆசான், அவரிடமிருந்து அவற்றை வாங்கிக்கொள்கிறவன் ஜோனாஸ். சாவு என்றால் என்ன என்ற நினைவு இல்லாத கைக்கு, தான் செய்வது கொலை என்று எப்படித் தெரியும்? தெரியாதபோது மறுக்கலாம் என்ற எண்ணமே வராது. இங்கே முதலில் போனது நினைவு; உணர்வும் சுதந்திரமும் அதன் பின்னாலேயே போய்விட்டன. ஜோனாஸ் அன்றிரவு வீட்டுக்குப் போக மறுக்கிறான். தன் வீட்டில் வளர்கிற கைக்குழந்தை கேப்ரியலையும் விடுவிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் சைக்கிளிலேயே ஊரைவிட்டுக் கிளம்புகிறான். அவன் போய்விட்டால் அவனிடமிருக்கும் நினைவுகள் ஊர்மேல் திரும்பி இறங்கும், எல்லாரும் சுமந்தாக வேண்டும். அவன் ஒருவனுடைய விடுதலை ஊருக்கே துக்கத்தைத் திருப்பிக் கொடுக்கிறது.

எல்லா நாவலிலும் இப்படிப் பெரிய காட்சி கிடைக்காது. சில இடங்களில் காட்சியே இல்லாததுதான் தடயம். ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953) நாவலில் கிளாரிஸ் என்ற பெண் என்ன ஆனாள் என்று நாயகன் மான்டேக் தன் மனைவியிடம் கேட்கிறான். கார் மோதிச் செத்துவிட்டாள் என்று நினைக்கிறேன், நாலு நாள் ஆகிறது, உன்னிடம் சொல்ல மறந்துவிட்டது என்கிறாள் மில்ட்ரெட். அவ்வளவுதான். ஒரு சாவு, வீட்டுச் செய்தியாகக்கூட நாலு நாள் தாக்குப்பிடிக்கவில்லை. கணவனும் மனைவியும் முதன்முதலில் சந்தித்தது எங்கே என்பதும் இருவருக்கும் நினைவில்லை. நகரமே குண்டில் அழிந்த பிறகுதான் அவனுக்கு அது ஞாபகம் வருகிறது: சிகாகோ. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் கட்டாயம் ஒரு கோடு போடுங்கள். அவள் உயிரோடு இருந்தவரை அவனால் அவளை நினைக்க முடியவில்லை.

ஜார்ஜ் ஆர்வெலின் '1984' (1949) பற்றிப் பேசுகிறவர்கள் சித்திரவதை அறையிலேயே நின்றுவிடுகிறார்கள். நீங்கள் நாயகன் வின்ஸ்டனின் அம்மாவைப் பின்தொடருங்கள். அவளுடைய சாவு, இனி யாருக்கும் வாய்க்காத வகையில் துயரமானது என்று அவன் ஆரம்பத்திலேயே உணர்கிறான். பிறகு தங்கையின் பங்குச் சாக்லேட்டைத் தான் பிடுங்கியதும், கொடுக்க ஒன்றும் இல்லாத நிலையில் அம்மா அந்தக் குழந்தையைக் கையால் அணைத்துக்கொண்டதும் நினைவுக்கு வருகின்றன. கடைசி அத்தியாயத்தில், எல்லாம் முடிந்த பிறகு, இன்னொரு நினைவு கேட்காமலே வருகிறது: ஒரு மழை நாளில் அம்மாவோடு பாம்பு ஏணி ஆடியது, தங்கையும் சேர்ந்து சிரித்தது. இது பொய் ஞாபகம் என்று அதை அவனே தள்ளிவிடுகிறான். அவன் தோற்றது இந்த இடத்தில்தான் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். தன் அம்மாவை நினைக்கும் உரிமையைத் தானே கைவிட்ட மனிதனிடம் பறிக்க வேறென்ன மிச்சம் இருக்கிறது?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நினைவே மனிதத்தன்மை என்று படித்துவிட்டு, நினைவிழந்தவர்களைக் குறைவான மனிதர்களாக எண்ணிவிடக் கூடாது. மறதி நோய் முற்றிய ஒரு அம்மாள் எங்கள் வார்டில் இருந்தார். மகள் பெயர் தெரியாது. ஆனால் மகள் வந்து உட்கார்ந்தால் மட்டும் அவருடைய விரல்கள் போர்வையைப் பிய்ப்பதை நிறுத்தும். நோய் ஒருவரின் நினைவைத் தின்பதும், மேலே உட்கார்ந்திருக்கும் யாரோ மற்றவர்களின் நினைவை அழிக்க முடிவெடுப்பதும் ஒன்றல்ல. இந்த நாவல்கள் இரண்டாவதைப் பற்றியவை. வலி விஷயத்திலும் அப்படித்தான். வலிக்கு மருந்து கொடுப்பதை நான் முழு மனதோடு செய்தேன், தாமதமானால் டாக்டரோடு சண்டையும் போட்டிருக்கிறேன். நோயாளி கேட்கிறாரா, அவரைக் கேட்காமல் வேறு யாரோ தீர்மானிக்கிறார்களா என்று பாருங்கள். சோமாவுக்கும் மருந்துக்கும் உள்ள தூரம் அப்போது புரியும்.

மூன்றில் இரண்டு முழுசாக இருந்தும் மூன்றாவது இல்லாத கதை வேண்டுமென்றால் கஸுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ' (2005). உறுப்புகளைக் கொடுப்பதற்காகவே வளர்க்கப்பட்ட கேத்தி, தன்னைப் போன்றவர்களைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளர். என் தொழிலுக்குப் பக்கத்துத் தொழில் என்பதால் அவளோடு எனக்கு ஓர் ஒட்டுதல். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஆழமாக நேசிக்கவும் செய்கிறாள், சொந்தமாக கார் ஓட்டிக்கொண்டு எங்கும் போகிறாள், வேலி கிடையாது. ஆனாலும் ஓடிப்போகலாம் என்று ஒரு பக்கத்திலும் அவளுக்குத் தோன்றுவதில்லை. நேசித்தவர்களையெல்லாம் இழந்த பிறகு வயல் ஓரத்தில் சற்று நேரம் நின்று கண்ணீர் விடுகிறாள், அப்புறம் போக வேண்டிய இடத்துக்கு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறாள். நான்காவது கேள்விக்கு இப்படி ஒரு விடை வரும்போது அவசரப்பட்டுக் கோழை என்று எழுதிவிடாதீர்கள். வேறொரு வாழ்க்கை உண்டு என்று யாருமே அவளுக்குக் காட்டித் தந்ததில்லை.

நாட்குறிப்பு வடிவத்தில் இருக்கும் நாவல்களில் இன்னொரு வழியும் உண்டு. யெவ்கெனி ஸமியாட்டின் 1920-21இல் எழுதிய 'நாம்' நாவலின் கடைசிக் குறிப்பை முந்தைய குறிப்புகளோடு சேர்த்துச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். கற்பனையை நீக்கும் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு எழுதப்பட்டது அது. தான் நேசித்த பெண்ணை வதைப்பதை எதிரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வரிசையாகத் தகவல்களை மட்டும் எழுதுகிறான் நாட்குறிப்பை எழுதும் நாயகன். முந்தைய பக்கங்களை எழுதியது தான்தானா என்ற சந்தேகமும் அவனுக்கு வருகிறது. வாக்கியங்களில் உவமையும் தடுமாற்றமும் காணாமல் போயிருப்பது காதுக்கே கேட்கும்.

குழுவாகப் படிக்கிறீர்கள் என்றால், "நீங்கள் அங்கே இருந்தால் என்ன செய்வீர்கள்" என்று கேட்பதைத் தவிருங்கள். எல்லாரும் வீரர்களாகிவிடுவார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஆளுக்கொரு சாவுக் காட்சியைத் தேர்ந்தெடுத்து வரச் சொல்லுங்கள், சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், படித்து முடித்த உடனே யாரையும் பேச விடாதீர்கள்.

எதில் தொடங்குவது என்றால் 'தி கிவர்'. சிறியது, காட்சிகள் தெளிவாக இருக்கும். அடுத்தது ஹக்ஸ்லி, அப்புறம் ஆர்வெல். இஷிகுரோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், முந்தைய மூன்றிலும் போட்ட பென்சில் கோடுகள் அதற்குத் தேவைப்படும்.